வேலை தேடுவது எப்படி: 22 வயதுக்கும் 52 வயதுக்கும் ஒரே வரிசை

வேலை தேடலாம் என்று முடிவெடுத்த அன்றிரவே பெரும்பாலானோர் பழைய ரெஸ்யூமேயைத் திறந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். மறுநாள் அதை ஐம்பது இடங்களுக்கு அனுப்புகிறார்கள். மூன்று வாரம் ஒரு பதிலும் வருவதில்லை. பிறகு பழி வயதின் மேல் விழுகிறது. 22 வயதுப் பையன் "அனுபவம் இல்லை, அதனால்தான்" என்கிறான். 38 வயதுப் பெண் "நடுவில் ஆறு வருடம் வீட்டில் இருந்துவிட்டேன், அதனால்தான்" என்கிறார். 52 வயதுக்காரர் "இனிமேல் நம்மை யார் கூப்பிடப்போகிறார்கள்" என்கிறார்.

உறவினர்கள், கூட வேலை பார்த்தவர்கள், அவர்கள் அனுப்பிவைத்தவர்கள் என்று பலரோடு உட்கார்ந்து இந்த வேலையை முதலிலிருந்து கடைசிவரை செய்திருக்கிறேன். வயது ஒரு தடைதான், அதை மறுக்க மாட்டேன். ஆனால் நான் பார்த்தவரை, வயதில் தடுக்கி விழுந்தவர்களைவிட வரிசையில் தடுக்கி விழுந்தவர்களே அதிகம். ரெஸ்யூமே எழுதுவது நான்காவது படி. அதற்கு முன்னால் மூன்று படிகள் இருக்கின்றன.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் ஒரு கணக்கு. சம்பளம் வராவிட்டால் எத்தனை மாதம் தாங்கும் என்று எழுதிப் பாருங்கள். இரண்டு மாதம்தான் என்றால் கிடைக்கும் தற்காலிக வேலையை ஏற்றுக்கொண்டு, அதைச் செய்தபடியே தேட வேண்டும். எட்டு மாதம் என்றால் பொறுமையாகத் தேர்ந்தெடுக்கலாம். இந்தக் கணக்கைப் போடாதவர்கள், நான்காவது மாதத்தில் பயந்துபோய்க் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, மறுபடி தேடத் தொடங்குவார்கள்.

அடுத்தது ஆவணங்கள். படிப்புச் சான்றிதழ்கள், பழைய நிறுவனங்களின் பணி நியமனக் கடிதம், ரிலீவிங் லெட்டர் (வேலையிலிருந்து விடுவித்ததாகத் தரும் கடிதம்), கடைசிச் சம்பளச் சீட்டுகள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரே இடத்தில் வையுங்கள். பெயரின் எழுத்து, பிறந்த தேதி, இனிஷியல் எல்லாம் எல்லா ஆவணங்களிலும் ஒன்றுபோல இருக்கிறதா என்று பாருங்கள். வேலை கைக்கு வந்த பிறகு, பின்னணிச் சரிபார்ப்பில் இந்த ஓர் எழுத்து வித்தியாசத்தால் வாரக்கணக்கில் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பழைய நிறுவனத்திலிருந்து கடிதம் ஏதாவது வாங்க வேண்டியிருந்தால் இன்றே கேட்டுவிடுங்கள். அவர்கள் அவசரப்பட மாட்டார்கள்.

மின்னஞ்சல் முகவரி உங்கள் பெயரிலேயே, எளிமையாக இருக்கட்டும். அலுவலக முகவரி வேண்டாம். வேலை போகும் நாளில் அந்த அஞ்சல்பெட்டியும் போய்விடும்.

கடைசியாக ஓர் அட்டவணை. தேதி, நிறுவனம், பதவி, எந்த ரெஸ்யூமேயை அனுப்பினீர்கள், யாரிடம் பேசினீர்கள், அடுத்து என்ன என்று ஆறு பத்திகள் போதும். எக்செல் வேண்டுமென்பதில்லை, நோட்டுப் புத்தகமே போதும். இது இல்லாவிட்டால், யாராவது போன் செய்து "எங்களுக்கு விண்ணப்பித்திருந்தீர்களே" என்று கேட்கும்போது நீங்கள் திணறுவது அவர் காதில் விழும்.

இப்போது வேலையில் இருப்பவர் என்றால், வேறு வேலை உறுதியாகும்வரை ராஜினாமா செய்யாதீர்கள். அலுவலகக் கணினியிலும் தேடாதீர்கள்.

1. விளம்பரங்களைப் படியுங்கள், விண்ணப்பிக்க வேண்டாம்

நீங்கள் விரும்பும் ஒரே பதவிக்கான 20 அல்லது 25 வேலை விளம்பரங்களை எடுத்து, முழு உரையையும் ஒரு கோப்பில் நகல் எடுங்கள். இரண்டு விதமான பதவிகள் மனதில் இருந்தால் இரண்டு கோப்பு. மூன்று வேண்டாம். "எந்த வேலையானாலும் சரி" என்பவருக்கு யாரும் வேலை சொல்ல முடியாது, ஏனென்றால் எதற்குச் சொல்வது என்றே கேட்பவருக்குத் தெரியாது.

பிறகு ஒவ்வொரு விளம்பரமாகப் படித்து, கேட்கப்படும் திறன்களையும் பொறுப்புகளையும் பட்டியலிட்டு, எது எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். அந்தப் பட்டியலை மூன்றாகப் பிரியுங்கள்: "என்னிடம் இருக்கிறது"; "இருக்கிறது, ஆனால் நான் வேறு பெயரில் சொல்கிறேன்"; "இல்லை".

நடுவில் இருக்கும் அந்தக் கூட்டம்தான் பொன். கிடங்கில் பதினைந்து வருடம் வேலை பார்த்த ஒருவர் தன் ரெஸ்யூமேயில் "ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டேன்" என்று எழுதியிருந்தார். விளம்பரங்கள் எல்லாம் "இன்வென்டரி கன்ட்ரோல்" என்று கேட்டன. இரண்டும் ஒரே வேலை. அவருக்கு அது தெரியவில்லை, அவரை வடிகட்டிய எச்.ஆர். பெண்ணுக்கும் தெரியவில்லை. 45 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்தப் படி மிக முக்கியம். அவர்கள் கடைசியாக வேலை தேடியபோது இருந்த பதவிப் பெயர்கள் பல இப்போது புழக்கத்திலேயே இல்லை.

புதிதாகப் படித்து வந்தவர்களுக்கு வேறொரு பிழை நேர்கிறது. விளம்பரத்தில் உள்ள பன்னிரண்டு தகுதிகளில் மூன்று இல்லை என்றதும் ஒதுங்கிவிடுகிறார்கள். "கட்டாயம்" என்று சொல்வதையும் "இருந்தால் நல்லது" என்று சொல்வதையும் பிரித்துப் பாருங்கள். கட்டாயமானவற்றில் பெரும்பகுதி இருந்தால் விண்ணப்பிக்கத் தகுதி இருக்கிறது. எல்லாம் பொருந்திய ஆள் அவர்களுக்கும் அபூர்வமாகத்தான் கிடைப்பார்.

2. இல்லாததில் ஒன்றை மட்டும் நிரப்புங்கள்

மூன்றாவது கூட்டத்தில், பாதிக்கு மேற்பட்ட விளம்பரங்களில் வரும் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஆறு வாரத்தில் கற்று, கற்றதைக் காட்ட ஒரு பொருளைச் செய்யுங்கள்: ஒரு சிறு கணக்கு அறிக்கை, ஒரு வரைபடம், ஒரு செயலி, ஒரு பாடத்திட்டம். சான்றிதழ் நீங்கள் வகுப்புக்குப் போனதைத்தான் சொல்லும். செய்த பொருளை அவர்கள் தாங்களே திறந்து பார்க்கலாம்.

ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் பத்துச் சான்றிதழ் சேர்ப்பவர்கள் உண்டு. அது விண்ணப்பிக்கும் பயத்தைத் தள்ளிப்போடும் வழி. கற்பதும் தேடுவதும் ஒரே காலத்தில் நடக்கட்டும்.

இதற்கு விலக்கு, சட்டப்படி உரிமம் தேவைப்படும் வேலைகள். கனரக வாகனம் ஓட்டுதல், செவிலியர் பணி, மின்பணி போன்றவற்றில் உரிமமோ பதிவோ இல்லாமல் எவ்வளவு திறமையும் கணக்கில் வராது. அங்கே முதலில் அதை முடித்துவிட்டுத்தான் மற்றது.

3. செய்த வேலைக்குச் சான்று திரட்டுங்கள்

இது மெதுவாகச் செய்ய வேண்டிய படி. இரண்டு மூன்று நாள் ஒதுக்குங்கள். உங்கள் வேலை வாழ்க்கையிலிருந்து எட்டு அல்லது பத்து நிகழ்ச்சிகளை எழுத வேண்டும். ஒவ்வொன்றிலும் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: நிலைமை எப்படி இருந்தது, என் பொறுப்பு என்ன, நான் என்ன செய்தேன், அதனால் என்ன மாறியது.

"வாடிக்கையாளர் சேவையைக் கவனித்துக்கொண்டேன்" என்று ஒருவர் எழுதுகிறார். கேட்டுப் பார்த்தால் இப்படி வரும்: "நாளுக்கு 40 அழைப்புகள் எடுத்தேன். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு ஒரு பதில் தாள் தயாரித்தேன். புதிதாகச் சேர்ந்தவர்கள் மூன்று வாரத்தில் பழகியதை அதன் பிறகு பத்து நாளில் பழகினார்கள்." அதே மனிதர், அதே வேலை. எண்கள் நினைவில் இல்லாவிட்டால் இந்தக் கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்: எத்தனை பேர்? எவ்வளவு நேரம்? எத்தனை நாளுக்கு ஒருமுறை? முன்னால் எப்படி, பின்னால் எப்படி? பழைய நிறுவனத்தின் ரகசியக் கணக்குகளை வெளியே சொல்ல வேண்டாம். "கால்பங்கு குறைந்தது" என்கிற அளவில் சொன்னாலே போதும்.

படித்து முடித்தவர்கள் "எனக்கு நிகழ்ச்சியே இல்லை" என்பார்கள். கல்லூரி ப்ராஜெக்ட், விடுமுறையில் பார்த்த கடை வேலை, விழாவுக்கு வரவு செலவு பார்த்தது எல்லாமே நிகழ்ச்சிதான். ஒரே ஒரு நிபந்தனை: குழு என்ன செய்தது என்று எழுதாதீர்கள், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். நான்கு பேர் செய்த ப்ராஜெக்டில் உங்கள் பங்கு எது என்பதுதான் இன்டர்வியூவில் முதல் கேள்வி.

இடைவெளிக்குப் பின் திரும்புகிறவர்கள், வீட்டைக் கவனித்துக்கொண்டதைப் பெரிய பதவிப் பெயர் வைத்து எழுத வேண்டாம். அது கஷ்டமான வேலைதான், ஆனால் அந்தப் பெயர் படிப்பவரைச் சந்தேகப்படவைக்கும். அந்த வருடங்களில் உண்மையாகச் செய்ததைத் தேடுங்கள். டியூஷன் எடுத்தது, குடியிருப்புச் சங்கத்தின் கணக்கைப் பார்த்தது, உறவினரின் கடைக்கு இணையத்தில் ஆர்டர் வாங்கித் தந்தது என்று பெரும்பாலும் ஏதாவது இருக்கும். அதை நேராக எழுதுங்கள்.

50-ஐத் தாண்டியவர்களுக்கு இதற்கு நேர்மாறான சிக்கல். நிகழ்ச்சிகள் நாற்பது இருக்கும், ஒன்றையும் விட மனம் வராது. கடைசிப் பத்துப் பதினைந்து வருடங்களிலிருந்து, முதல் படியில் எண்ணிய பட்டியலோடு பொருந்துகிறவற்றை மட்டும் எடுங்கள். 1998-இல் வாங்கிய பாராட்டு உங்கள் மனதில் இருக்கட்டும்.

4. இப்போது ரெஸ்யூமே

முந்தைய படிகளைச் செய்திருந்தால் இது ஒரு மாலை வேலை. முதல் நான்கு வரிகளில் நீங்கள் கேட்கும் பதவி, அனுபவம், உங்களின் வலுவான இரண்டு சான்றுகள். அதற்குக் கீழே வேலைகள், புதியது முதலில். புதியவர்களுக்கு ஒரு பக்கம், மற்றவர்களுக்கு இரண்டு.

வடிவமைப்பில் அழகு தேடாதீர்கள். பல நிறுவனங்களில் ரெஸ்யூமேயை முதலில் வாங்கிப் பிரித்து அடுக்குவது ஒரு மென்பொருள். அது எழுத்துகளை மட்டும் உருவி எடுக்கும். இரண்டு பத்தி அமைப்பு, கட்டங்கள், படமாகப் போட்ட எழுத்து, பக்கத்தின் தலைப்பட்டையில் வைத்த தொலைபேசி எண் போன்றவை அதில் குழம்பலாம் அல்லது காணாமல் போகலாம். இதைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். உங்கள் பிடிஎஃப்பைத் திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டுங்கள். வரிசை மாறாமல் படிக்க முடிந்தால் நல்லது. ஒன்றுமே ஒட்டவில்லை என்றால் அது ஸ்கேன் செய்த படம். தமிழில் ரெஸ்யூமே எழுதுகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியது, ஒட்டும்போது பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக வந்து நிற்கும். யூனிகோடில் தட்டுங்கள்.

புகைப்படம், மதம், திருமண நிலை, பெற்றோர் பெயர் எல்லாம் விளம்பரம் கேட்டாலொழிய வேண்டாம்.

இனி, எல்லோரும் தாழ்ந்த குரலில் கேட்கும் கேள்வி: வயதை மறைக்கலாமா? அமெரிக்காவில் 40,000-க்கும் மேற்பட்ட மாதிரி விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்து, 2019-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, வயது கூடியவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, அழைப்புகள் குறைவாக வந்ததைக் காட்டியது. ஆகவே இது உங்கள் மனப்பிரமை கிடையாது. பிறந்த தேதியையும் பட்டம் பெற்ற ஆண்டையும் ரெஸ்யூமேயில் விட்டுவிடுவது பொய்யாகாது, விட்டுவிடுங்கள். விண்ணப்பப் படிவம் நேரடியாகக் கேட்டால் உண்மையை எழுதுங்கள்.

தேதிகளை இழுத்து நீட்டி இடைவெளியை மறைப்பது வேறு விஷயம். அது சரிபார்ப்பில் பிடிபடும், சேர்ந்த பிறகும் வேலை போகலாம். வருடங்களையே போடாமல் திறன்களை மட்டும் அடுக்கும் வடிவமும் உதவாது. பழகிய கண்ணுக்கு அது எதையோ மறைப்பதாகத்தான் படும். "2018–2023: குடும்பப் பொறுப்பு" என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

எழுதி முடித்ததும் வேறொருவரிடம் கொடுத்து இருபது நொடி பார்க்கச் சொல்லுங்கள். தாளை மூடிவிட்டு, "நான் என்ன வேலைக்குப் போகிறேன்?" என்று கேளுங்கள். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை என்றால் முதல் நான்கு வரிகள் சரியில்லை.

5. விண்ணப்பிக்கும் முன் ஆட்களிடம் பேசுங்கள்

மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-இல் எழுதிய ஒரு கட்டுரை, வேலை பற்றிய தகவல் நெருங்கிய நண்பர்களைவிடத் தூரத்துப் பழக்கக்காரர்கள் வழியாகவே அதிகம் வருகிறது என்று சொன்னது. 2022-இல் லிங்க்ட்இன் தளத்தில் சுமார் 2 கோடிப் பேரின் ஐந்தாண்டுத் தரவை ஆராய்ந்தவர்களும் ஏறக்குறைய அதே முடிவுக்கு வந்தார்கள். ரொம்ப நெருக்கமும் இல்லாத, முற்றிலும் அந்நியமும் இல்லாத நடுத்தரப் பழக்கம்தான் அதிகம் உதவியது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். உங்கள் நெருங்கிய நண்பருக்குத் தெரிந்த இடங்கள் உங்களுக்கும் தெரிந்திருக்கும். நான்கு வருடத்துக்கு முன் பக்கத்து மேசையில் இருந்தவருக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாது.

ஆகவே ஒரு பட்டியல் போடுங்கள்: பழைய சக ஊழியர்கள், கூடப் படித்தவர்கள், சரக்கு கொடுத்தவர்கள், வாடிக்கையாளர்கள், ஆசிரியர்கள். நாற்பது பேர் வருவார்கள். புதியவர்களுக்கு, கல்லூரியில் இரண்டு வருடம் முன்னால் படித்த சீனியர்கள் மிகவும் பயன்படுவார்கள். அவர்களுக்கு இந்த அலைச்சல் இன்னும் மறந்திருக்காது.

"வேலை இருந்தால் சொல்லுங்கள்" என்று ரெஸ்யூமேயை இணைத்து அனுப்பாதீர்கள். அதற்கு "கண்டிப்பாகச் சொல்கிறேன்" என்ற பதிலோடு கதை முடிந்துவிடும். இப்படி எழுதுங்கள்:

"வணக்கம் சார். நாம் 2016 முதல் 2018 வரை கிடங்குப் பிரிவில் ஒன்றாக வேலை பார்த்தோம். இப்போது நான் சரக்குத் திட்டமிடல் வேலைகளுக்கு முயற்சி செய்கிறேன். உங்கள் நிறுவனத்தில் அந்த வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை. இந்த வாரம் 15 நிமிடம் போனில் பேச முடியுமா? உங்களுக்கு வசதியான நேரத்தைச் சொன்னால் நானே அழைக்கிறேன்."

கேட்பது சிறியதாக இருப்பதால் மறுப்பது கஷ்டம். பேசும்போது அவர்கள் எந்தத் திறனைத் தேடுகிறார்கள், எந்தப் பெயரில் அழைக்கிறார்கள், எப்போது ஆள் எடுப்பார்கள் என்று தெரிந்துவிடும். பேச்சு நன்றாகப் போனால் கடைசியில், "இடம் வந்தால் என் பெயரை ரெஃபர் செய்ய முடியுமா?" என்று கேளுங்கள்.

வயதில் மூத்தவர்கள் இங்கே தயங்கி நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். "என்னிடம் வேலை கற்றவன் இன்றைக்கு மேனேஜர். அவனிடம் போய்க் கேட்பதா?" என்று ஒருவர் மூன்று மாதம் பேசாமலே இருந்தார். கடைசியில் பேசியபோது, "சார், முதலிலேயே சொல்லியிருக்கலாமே" என்றாராம் அந்த மேனேஜர். இருபத்தைந்து வருடம் வேலை பார்த்தவருக்கு உங்களை நேரில் அறிந்த இருநூறு பேர் இருக்கிறார்கள். 22 வயதுக்காரருக்கு அது கிடையாது. உங்கள் வயது உங்களுக்குச் சாதகமாக நிற்கும் இடம் இதுதான்.

6. குறைவாக, கவனமாக விண்ணப்பியுங்கள்

வாரத்துக்கு ஐந்து முதல் எட்டு. ஒவ்வொன்றுக்கும் ரெஸ்யூமேயின் முதல் நான்கு வரிகளையும் சான்றுகளின் வரிசையையும் அந்த விளம்பரத்துக்கு ஏற்ப மாற்றுங்கள். வேலைத் தளத்தில் பார்த்ததை நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலும் இருக்கிறதா என்று பார்த்து, முடிந்தால் அங்கேயே விண்ணப்பியுங்கள். விளம்பரம் வந்த முதல் சில நாட்களுக்குள் அனுப்புவது நல்லது. போதுமான பேர் சேர்ந்ததும் அடுத்து வருவதைத் திறந்து பார்க்காமலே விட்டுவிடுகிற இடங்கள் உண்டு. பத்து நாள் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வேலைக்காக யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், லேப்டாப்புக்கு டெபாசிட், திரும்பக் கொடுக்கப்படும் முன்பணம் என்று எந்தப் பெயரில் வந்தாலும் சரி. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1997-ஆம் ஆண்டு 181-ஆம் உடன்படிக்கையே, தனியார் வேலைவாய்ப்பு ஏஜென்சிகள் வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்பதைப் பொது விதியாக வைத்திருக்கிறது. நேரில் பார்க்காமல், சாட்டிலேயே பேசி ஒரே நாளில் ஆஃபர் கொடுப்பது, ஓடிபி கேட்பது, அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வது எல்லாம் மோசடியின் அடையாளங்கள். சந்தேகம் வந்தால் நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே அழைத்துக் கேளுங்கள். இந்த ஆட்கள் குறிவைப்பது புதிதாகப் படித்து வந்தவர்களையும், வெகுநாள் வேலை இல்லாமல் மனம் சோர்ந்தவர்களையும்தான்.

7. இன்டர்வியூ: சொல்லிப் பாருங்கள், வாய்விட்டு

மூன்றாவது படியில் எழுதிய நிகழ்ச்சிகள் இப்போது கைகொடுக்கும். அவற்றை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தால் போதாது. போனில் பதிவு செய்து கேளுங்கள். ஒரு நிகழ்ச்சிக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. முதல் பதிவு எல்லோருக்கும் ஐந்து நிமிடம் போகும். மூன்றாவது பதிவில் சரியாகிவிடும்.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பதற்கு ஊர், குடும்பம், பள்ளி என்று தொடங்காதீர்கள். இப்போது என்ன செய்கிறேன், இந்த வேலைக்குப் பொருந்தும் ஒரு சான்று, ஏன் இங்கே வந்திருக்கிறேன். ஒன்றரை நிமிடம் போதும்.

வயதையொட்டி வரும் கேள்விகளுக்குத் தனியாகத் தயாராகுங்கள். அந்தக் கேள்விகளுக்குப் பின்னால் ஒரு பயம் இருக்கிறது. பதில் அந்தப் பயத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

"உங்களுக்கு அனுபவம் இல்லையே?" இவர் எத்தனை நாளில் தயாராவார் என்பது அவர்களின் பயம். வேகமாகக் கற்ற ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுங்கள். "கஷ்டப்பட்டு உழைப்பேன்" என்று எல்லோரும் சொல்வார்கள்.

"ஆறு வருடம் என்ன செய்தீர்கள்?" மறுபடி விட்டுவிட்டுப் போய்விடுவாரோ என்பது பயம். மூன்று வாக்கியம்: காரணம், அது முடிந்துவிட்டது என்பது, திரும்பி வருவதற்காகச் செய்தது. "அப்பாவின் உடல்நிலைக்காக வேலையை விட்டேன். அந்தப் பொறுப்பு இப்போது இல்லை. கடந்த நான்கு மாதமாகப் புதிய கணக்கு மென்பொருளைப் பழகி, ஒரு சிறு நிறுவனத்தின் மாதக் கணக்கை முடித்துக் கொடுத்து வருகிறேன்." அதோடு நிறுத்துங்கள். மன்னிப்புக் கேட்கும் தொனியில் நீட்டிக்கொண்டே போவதுதான் நான் அதிகம் பார்த்த பிழை.

"இவ்வளவு அனுபவம் இருக்கிறதே, இந்த வேலை உங்களுக்குச் சரிப்படுமா?" சீக்கிரம் போய்விடுவார், சம்பளம் அதிகம் கேட்பார், சொன்னதைக் கேட்க மாட்டார் என்று மூன்று பயம் இதில் உண்டு. உண்மையாக இருந்தால் இப்படிச் சொல்லலாம்: "கடைசி ஐந்து வருடம் ஆட்களை நிர்வகிப்பதிலேயே போனது. எனக்கு நன்றாக வருவதும் பிடித்ததும் நேரடியாகக் கணக்குப் பார்ப்பது. அதற்குத் திரும்பத்தான் இதற்கு விண்ணப்பித்தேன். உங்கள் சம்பள வரம்பைத் தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறேன்."

"உங்கள் மேலாளர் உங்களைவிட இளையவர்." அதற்கென்ன என்று சிரித்து விடாதீர்கள். உங்களைவிட இளையவரிடம் ஒரு வேலையைக் கற்றுக்கொண்ட நிகழ்ச்சியைச் சொல்லுங்கள். இதற்காகவே ஒன்றைத் தயாராக வைத்திருங்கள்.

கல்யாணம் எப்போது, குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்கும் இடங்களும் இருக்கின்றன. பல நாடுகளில் அப்படிக் கேட்டு, அதை வைத்து ஆளை விலக்குவது சட்டப்படி தவறு. ஆனால் அந்த அறையில் வாதாடுவதால் பயன் குறைவு. "வேலை நேரத்துக்கு இடைஞ்சல் வராதபடி ஏற்பாடு இருக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு, அந்த இடம் உங்களுக்கு வேண்டுமா என்பதை வீட்டுக்கு வந்து யோசியுங்கள்.

பழைய நிறுவனத்தைத் திட்டாதீர்கள், நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும். தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்லி, எப்படிக் கண்டுபிடிப்பேன் என்பதைச் சொல்லுங்கள். கடைசியில் நீங்களும் இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்த இடம் ஏன் காலியானது? முதல் ஆறு மாதத்தில் என்ன செய்தால் நன்றாகச் செய்ததாகக் கருதுவீர்கள்? முதல் கேள்விக்கு அவர்கள் தடுமாறினால் குறித்துக்கொள்ளுங்கள்.

8. எங்கே அடைபடுகிறது என்று பாருங்கள்

மாதத்துக்கு ஒருமுறை அட்டவணையை எடுங்கள். முப்பது விண்ணப்பத்துக்கு ஓர் அழைப்பும் இல்லை என்றால் பிழை முதல் படியிலோ நான்காவது படியிலோ இருக்கிறது. இலக்கு பொருந்தவில்லை, அல்லது ரெஸ்யூமே அதைச் சொல்லவில்லை. அழைப்பு வருகிறது, முதல் சுற்றோடு நிற்கிறது என்றால் ஏழாவது படி. கடைசிச் சுற்றுவரை போய்த் திரும்புகிறீர்கள் என்றால் நீங்கள் பெரும்பாலும் சரியாகத்தான் செய்கிறீர்கள், சம்பள எதிர்பார்ப்பை மட்டும் ஒருமுறை பாருங்கள். இப்படிப் பிரித்துப் பார்க்காதவர்கள் நன்றாக இருக்கும் ரெஸ்யூமேயை ஏழு முறை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

தேடல் நீண்டால், சும்மா இருக்காமல் பகுதி நேரமோ ஒப்பந்த வேலையோ ஏதாவது செய்யுங்கள். வேலை இல்லாத காலம் கூடக் கூட அழைப்புகள் குறைவதையும், அந்தக் குறைவில் பெரும்பகுதி முதல் எட்டு மாதத்திலேயே நேர்வதையும் 2013-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. சிறிய வேலையாக இருந்தாலும் ரெஸ்யூமேயின் முதல் வரி இந்த வருடத்தைச் சொல்லட்டும். நாளுக்கு மூன்று நான்கு மணி நேரம் தேடினால் போதும். பத்து மணி நேரம் தேடுகிறவர் ஒரு மாதத்தில் களைத்துவிடுவார்.

9. சம்பளம்

பேச்சுக்குப் போகும் முன் இரண்டு எண்கள் உங்களிடம் இருக்க வேண்டும்: அந்தப் பதவிக்குப் பொதுவாகக் கொடுப்பது, இதற்குக் கீழே வர மாட்டேன் என்று நீங்கள் வைத்திருப்பது. முதலாவது ஐந்தாவது படியில் பேசிய ஆட்களிடமிருந்து கிடைக்கும். "இந்தப் பதவிக்கு என்ன வரம்பு வைத்திருக்கிறீர்கள்?" என்று முதலில் கேளுங்கள். வற்புறுத்தினால் வரம்பாகச் சொல்லுங்கள். அதன் கீழ் எண் உங்களுக்குச் சம்மதமானதாகவே இருக்கட்டும், ஏனென்றால் அதைத்தான் அவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.

ஆண்டுக்கு மொத்தம் என்று சொல்லும் தொகையும் மாதம் கையில் வருவதும் வேறு வேறு. எவ்வளவு நிலையானது, எவ்வளவு இலக்கை அடைந்தால் மட்டும் வருவது என்று பிரித்துக் கேளுங்கள். புதியவர்கள் இதைக் கேட்க வெட்கப்பட்டு, முதல் மாதச் சம்பளத்தைப் பார்த்து அதிர்ந்துபோகிறார்கள்.

10. ஆஃபர் லெட்டர்

இரண்டு நாள் அவகாசம் கேளுங்கள். நியாயமான இடம் மறுக்காது. பதவி, இடம், வேலை நேரம், சம்பளப் பிரிவு, தகுதிகாண் காலம், நோட்டீஸ் பீரியட், விடுப்பு எல்லாம் பேசியபடி இருக்கிறதா என்று வரி வரியாகப் படியுங்கள். இத்தனை வருடம் போகக்கூடாது என்ற பாண்ட், போனால் போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்ற விதி இருந்தால், கையெழுத்துக்கு முன் விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். வாயால் கொடுத்த வாக்கு எதுவானாலும் மின்னஞ்சலில் வாங்குங்கள். உங்களிடம் ஒப்புக்கொண்ட அதிகாரி அடுத்த மாதம் வேறு இடத்துக்குப் போயிருக்கலாம்.

கையெழுத்தான கடிதம் கைக்கு வந்த பிறகுதான் இப்போதைய வேலையில் ராஜினாமா. பொறுப்புகளை எழுத்தில் ஒப்படைத்து, ரிலீவிங் லெட்டரை வாங்கி, முதலில் உருவாக்கிய அதே இடத்தில் சேமியுங்கள். பிறகு அட்டவணையைத் திறந்து, 15 நிமிடம் பேசியவர்கள், ரெஃபர் செய்தவர்கள், ரெஸ்யூமேயை இருபது நொடி பார்த்துக் கொடுத்தவர் என்று ஒவ்வொருவருக்கும் இரண்டு வரி எழுதி, எங்கே எப்போது சேர்கிறீர்கள் என்பதைத் தெரிவித்துவிடுங்கள்.